மட்டக்குளி என்று கத்தினான்

கொட்டாஞ்சேனை,
20 ஜனவரி 2025

அன்புள்ள கொன்ஸி,

உன் புதுவருடக் கார்ட் வந்தது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே ஒருவரும் படுக்கையில் இல்லை. எனக்கு முழங்கால், ஷெரோமிக்குப் பிரஷர், இரண்டும் போன வருடம் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. அந்த மலைக் குளிரில் உன் இருமல் எப்படி?

இப்போது செய்தி. மெல்ரோயை வெள்ளவத்தை கனால் கிளப் பத்தாம் இலக்கத்துக்கு எடுத்துவிட்டது. என் மகன் என்பதற்காகப் புழுகவில்லை. சரி, என் மகன் என்பதற்காகத்தான் புழுகுகிறேன், நீயும் கேட்டுக்கொண்டிரு.

மடத்துச் சிஸ்டர்மாருக்கு றக்பி விளங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இப்படிச் சொல்லிப் பார். பதினைந்து பேரில் பந்து பெரும்பாலும் வந்து சேருவது பத்தாம் இலக்கத்தின் கைக்கு. ஓடுவதா, கொடுப்பதா, உதைப்பதா என்று கண்மூடித் திறப்பதற்குள் அவன்தான் முடிவெடுத்துக் கத்த வேண்டும். வென்றால் ரீம் வென்றது என்பார்கள். தோற்றால் அவனைத்தான் திட்டுவார்கள்.

கத்துகிற சொற்களுக்கு மெல்ரோய் பஸ் போகிற இடங்களின் பெயரை வைத்திருக்கிறான். ‘வத்தளை’ என்றால் பந்து தூரத்துக்கு, இடது ஓரத்துக்கு. ‘தெமட்டகொடை’ என்றால் உதைத்து எதிராளியின் முதுகுக்குப் பின்னால். ‘மாளிகாவத்தை’ என்றால் எல்லோரும் நெருக்கிக்கொண்டு முட்டுவது. பதினெட்டு வருடமாகக் கிறவுண்டில் என் பக்கத்தில் இருக்கும் ஜவாத்தை உனக்குத் தெரியுமே, மாளிகாவத்தைக்காரர். “எங்கட ஏரியால சனம் கூடத்தான் பற்றிக். அதுக்காக முட்டுறதுக்கு எங்கட பேரா?” என்று கேட்டார். நேற்று 30க்கு 12 வென்றோம். ஜவாத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்களுக்காக மன்றாடு.

உன் அண்ணன்,
பற்றிக்


இயேசு மரி சூசை
29 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

இருமல் போய்விட்டது, அதற்குப் பதிலாகத் தடிமன் வந்திருக்கிறது. அண்ணிக்குப் பிரஷர் குளிசை தவறாமல் போகிறதா?

எங்களுக்குப் பேச அனுமதியுள்ள அந்த அரைமணி நேரத்தில் உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். மன்னார்ச் சிஸ்டர் ஒருவர், “அவ்வளவு பேரும் மேல விழுந்தா பிள்ளைக்கு நோகாதா?” என்று கேட்டார். நோகும், ஆனால் காட்டமாட்டான், தகப்பனைப் போல என்று சொன்னேன்.

பஸ் பெயர்களை வாசித்துச் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது அவனிடம் இருந்தது ஒரே ஒரு பெயர்தானே, மட்டக்குளி. கடைசி ஐந்து நிமிடம் என்றால் அவன் மட்டக்குளி என்று கத்துவான். பிறகு ஒருவருக்கும் கொடுக்காமல் தானே பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நேரே ஓடுவான், மற்றவர்கள் பின்னால் தள்ளிக்கொண்டு போவார்கள். நான் இங்கே வருவதற்கு முந்திய வருடம் அவனுடைய ஒரு மட்சையும் நான் விடவில்லை. அந்தச் சொல் இன்னும் இருக்கிறதா?

மார்ச் ஐந்து விபூதிப் புதன். மடத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தபசு காலம் நாற்பது நாளும் கடிதம் வெளியே போகாது. வருகிற கடிதங்களை மதர் மேசையில் பூட்டிவைத்து உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு தருவார். மரணச் செய்திக்கு மட்டும்தான் போன். ஆகையால் எழுத வேண்டியதை அதற்கு முன் எழுதுங்கள்.

எல்லோருக்கும் என் அன்பு.

தங்கச்சி,
கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை,
10 பெப்ரவரி 2025

அன்புள்ள கொன்ஸி,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

மட்டக்குளியைக் கோச் முதல் நாளே வெட்டிவிட்டார். பத்தாம் இலக்கம் தானே கட்டிக்கொண்டு ஓடுவது சின்னப்பிள்ளை விளையாட்டாம். கனால் கிளப்பில் அந்தச் சொல் ஒருவருக்கும் தெரியாது. மெல்ரோயும் மறந்திருப்பான்.

நேற்று 19க்கு 17. கடைசி உதை மெல்ரோயினுடையது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருவனைக் குனிந்து பிடிக்கப் போய் அவனுடைய முழங்கால் இவன் காதுக்கு மேலே பட்டது. புல்லில் கிடந்தான். கிளப் டொக்டர் ஓடிப்போய், நினைவு தெளிவா என்று பார்க்க, இது எந்தக் கிறவுண்ட், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்று கேட்டிருக்கிறார். சரியாகச் சொல்லியிருக்கிறான். எழும்பி விளையாடி வென்றும் கொடுத்தான். இதை உன் மன்னார்ச் சிஸ்டருக்குச் சொல்லு.

இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருக்கிறான். களைப்பு. ஷெரோமி காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். அவளுக்கு எப்போதும் விளையாட்டு என்றால் வேப்பங்காய்.

சுகத்தோடு இரு.

அண்ணன்,
பற்றிக்


இயேசு மரி சூசை
18 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

கொத்தமல்லி வேலை செய்தது. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

ஒன்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடக் கந்தோரில் நான் வேலை செய்தபோது, விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிற நாளில் மூன்று விஷயம் கேட்டு எழுதுவோம். சத்தி எடுத்ததா, வெளிச்சம் கூசுகிறதா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறதா. மெல்ரோய் ஜன்னலை மூடியது களைப்பிலா, வெளிச்சம் பொறுக்காமலா? அண்ணி முகத்தைத் தூக்கி வைத்திருப்பது சும்மாவா?

நீங்கள் மூத்தவர், பெற்றவர். உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. ஒரு மட்ச் அவன் விளையாடாமல் இருந்து பார்த்தால் ஒன்றும் குறையாது என்று மட்டும் நினைத்தேன். நான் ஒன்றுக்குப் பத்தாகக் கற்பனை செய்கிறவள் என்று நீங்கள் சின்ன வயதிலிருந்தே சொல்வீர்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கேள்விக்கும் பதில் எழுதுங்கள். மற்றபடி நலம்.

தங்கச்சி,
கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை,
3 மார்ச் 2025

அன்புள்ள கொன்ஸி,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று 22க்கு 21 தோற்றோம். தோல்வியை விடு, அவன் விளையாடிய விதத்தைச் சொல்கிறேன். இடைவேளைக்குப் பிறகு இரண்டு ரீமும் பக்கம் மாறியது. இவன் மாறவில்லை. எங்கள் கோட்டைப் பார்த்தே இரண்டு தரம் உதைத்தான். ‘வத்தளை’ என்று கத்திவிட்டு வலது பக்கம் எறிந்தான். சனம், “கெதர பலயன்” என்று கூவியது. வீட்டுக்குப் போடா என்று என் பிள்ளையை, என் காதுபட. எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தன், “மட்சை வித்துப்போட்டான்” என்றான். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாகக் கிறவுண்டில் ஒருத்தனின் சட்டையைப் பிடித்தேன். ஜவாத்தான் இழுத்து இருத்தினார்.

கேள், கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால். எங்களுக்குத் தண்ட உதை கிடைக்கிறது, கம்பத்துக்கு நேர் முன்னால். உதைத்தால் மூன்று புள்ளி. நான் இந்த முழங்காலோடு போய் உதைத்தாலும் போகும். உதைக்கப் போகிறேன் என்று இவன் கம்பத்தைக் கையால் காட்டவே இல்லை. ஏதோ ஒரு சொல்லைக் கத்தினான், மட்டக்குளி என்று கேட்டதாக ஜவாத் சொல்கிறார். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனியே ஓடினான். ஒருவரும் பின்னால் போகவில்லை. என்ன செய்கிறான் என்று அவனுடைய ரீமே பார்த்துக்கொண்டு நின்றது. நாலு பேர் அமுக்கினார்கள், முடிந்தது.

பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் நாங்கள் இதையே கதைத்தோம். அவனுக்குப் பயம் பிடித்துவிட்டது என்றேன் நான். “பயமில்ல பற்றிக், மகனுக்கு என்னமோ ஈக்கிது, அவன்ட கண்ணப் பாருங்க,” என்றார் ஜவாத். பந்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கத் தெரியாத மனுசன், கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்.

16ஆம் திகதி அரையிறுதி. அன்றைக்கு விளையாடித்தான் இந்தப் பெயரைக் கழுவ வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்,
பற்றிக்


இயேசு மரி சூசை
4 மார்ச் 2025, செவ்வாய், மாலை

அன்புள்ள அண்ணா,

மூன்று நாள் எடுக்கிற தபால் இன்றைக்கு ஒரே நாளில் வந்திருக்கிறது. நின்றபடியே வாசித்தேன், நின்றபடியே எழுதுகிறேன்.

மெல்ரோயை விளையாட விடாதீர்கள்.

அவன் பயப்படவில்லை, விற்கவுமில்லை. மட்டக்குளி என்று கத்தினான் என்றால் அந்த நேரம் அவன் கனால் கிளப்புக்கு விளையாடவில்லை அண்ணா. பள்ளிக்கூடத்துக்கு விளையாடினான். பின்னால் தள்ளிக்கொண்டு வருவதற்கு அந்தப் பழைய பெடியன்கள் நிற்கிறார்கள் என்று நினைத்துத்தான் தனியே ஓடினான். எந்த வருடத்தில் நிற்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவனுடைய தலைக்குள்ளே அடி இருக்கிறது. ஜவாத் கண்டதை நீங்கள் காணவில்லையா?

என் மூன்று கேள்விக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. அதுவே எனக்குப் பதில்.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவ உள்ளதைச் சொல்லுவா.

கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை,
12 மார்ச் 2025

அன்புள்ள கொன்ஸி,

தபசு காலத்தில் நீ சுகமாக ஒறுத்தல் செய்கிறாய் என்று நினைக்கிறேன். இது ஏப்ரலில்தான் உன் கைக்கு வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஷெரோமி மூன்று நாளாக என்னோடு கதைப்பதில்லை. அவன் சத்தி எடுக்கிறான் என்கிறாள். எடுத்தான், இரண்டு தரம், அது கடைச் சோறு. அவனை இந்த மட்சுக்கு அனுப்பாதே என்று நீ எழுதினால் நிறுத்திவிடுவேன் என்று அவளிடம் சொன்னேன். “கொன்ஸி எழுதேலாது எண்டு தெரிஞ்சுதானே சொல்லுறீங்க,” என்றாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

சனிக்கிழமை கிளப் டொக்டர் பரிசோதிப்பார். அதைப் பற்றிக் கவலையில்லை. ஞானோபதேசம் போலக் கேள்வியும் பதிலும் தண்ணீராக ஓடுகிறது அவனுக்கு.

அவனுக்காக மன்றாடு.

அண்ணன்,
பற்றிக்


கொழும்பு,
20 மார்ச் 2025

கொன்ஸி,

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்பதாவது நிமிடம். பெரிய அடி இல்லை. ஒருத்தனின் தோள் பட்டது, அவ்வளவுதான். எழும்பினான். இரண்டு அடி வைத்தான். பிறகு முழங்காலில் சரிந்து, முகம் குப்புற விழுந்தான். கையால் நிலத்தை ஊன்றக்கூட இல்லை.

மண்டையைத் திறந்து இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். நாலு நாளாகக் கண் திறக்கவில்லை.

மடத்துக்குப் போன் எடுக்கட்டுமா என்று ஷெரோமி கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தப் போன் அடித்தால் அது என்ன செய்தி என்று நீங்கள் எல்லோரும் நினைப்பீர்கள். அந்த நினைப்பு ஒருவருக்கும் வரக்கூடாது.

பற்றிக்


இயேசு மரி சூசை
21 ஏப்ரல் 2025, உயிர்த்த திங்கள்

அன்புள்ள அண்ணா,

நேற்றுப் பூசை முடிந்ததும் மதர் உங்கள் இரண்டு கடிதங்களையும் தந்தார். திகதிப்படி வாசித்தேன்.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன், மார்ச் நாலாம் திகதி எழுதியது. எழுதி முடித்தபோது தபால்பை போய்விட்டது. மறுநாள் விபூதி. மதர் அதை வாங்கி மேசைக்குள் வைத்தார். நாற்பது நாளும் அந்த மேசையைக் கடந்துதான் கோயிலுக்குப் போய் வந்தேன்.

மடத்து ஒழுங்கு தடுத்தது என்று எழுதினால் அது பொய். காரணத்தைச் சொல்லியிருந்தால் மதர் போனைத் தந்திருப்பார். நான் கேட்கவில்லை. மூத்த அண்ணனைக் கூப்பிட்டு, நீங்கள் செய்வது பிழை என்று வாயால் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஒழுங்கு எனக்கு நல்ல சாட்டாகக் கிடைத்தது. பிள்ளையின் தலையை வைத்து நான் கீழ்ப்படிதல் பழகியிருக்கிறேன். இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாலும் எனக்கு ஆறாது.

உயிரோடு இருக்கிறானா? அதை மட்டும் உடனே எழுதுங்கள். அண்ணி சாப்பிடுகிறாவா?

கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை,
6 மே 2025

அன்புள்ள கொன்ஸி,

உயிரோடு இருக்கிறான். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். நடக்கிறான், சாப்பிடுகிறான், ஷெரோமியோடு பகிடி விடுகிறான். பார்க்கிறவர்கள் ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார்கள். கதைத்தால்தான் தெரியும். அவனுக்கு இது இன்னும் 2018, பள்ளிக்கூடத்துக்கு விளையாடிய காலம். இன்றைக்கு என்ன நாள் என்று சொல்லிக்கொடுத்தால் மத்தியானத்துக்குள் போய்விடுகிறது. நினைவு இனித் திரும்பி வருவது சந்தேகம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

உன்னுடைய நாலாம் திகதிக் கடிதத்தை ஷெரோமியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தாள்.

நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே. அந்தக் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் நான் வாசித்துவிட்டு மேசைக்குள் வைத்திருப்பேன். உனக்கு ஒன்று சொல்லவில்லை. டொக்டர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், எப்போதும் அதே கேள்விகள்தான். இது என்ன மாதம், எந்தக் கிறவுண்ட், போன மட்ச் யாரோடு, யார் வென்றது. அரையிறுதி வாரம் திங்கள் செவ்வாய் இரண்டு நாளும் மெல்ரோயை முன்னால் இருத்தி, நான் கேட்க அவன் சொல்ல, பாடமாக்கிக் கொடுத்தேன். சின்னதில் புது நன்மைக்கு ஞானோபதேசம் பாடமாக்கியது போல. அவன் திரும்பத் திரும்பப் போன மட்ச் வென்றதாகச் சொன்னான். நான் திருத்தினேன். இருபது தரம் திருத்தினேன் கொன்ஸி. பிள்ளைக்கு நினைவு இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் திருத்தினேன்.

ஜவாத் வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு நேரே இங்கே வருவார். அவனோடு இருந்து பழைய மட்சுகளைக் கதைப்பார். நான் அந்த அறைக்குள் போவதில்லை. இந்த வீட்டில் என் பக்கத்தில் இருக்க ஒருவரும் இல்லை, அது எனக்கு நன்றாக வேணும்.

உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். நீ இன்னும் பழைய வெள்ளவத்தை வீட்டில் இருப்பதாக நினைத்துக் கொடுக்கச் சொன்னான். இதோடு வைத்திருக்கிறேன்.

பற்றிக்


அன்புள்ள கொன்ஸி மாமி,

எப்பிடி சுகம்? நான் நல்ல சுகம். கொஞ்சம் தலையிடி, அம்மா கிரிபத் கட்டித் தந்தா, இப்ப சரி.

வாற சனிக்கிழமை எங்கட பெரிய மட்ச். நீங்க கட்டாயம் வரவேணும். வழமையா இருக்கிற இடத்தில இருங்கோ, அப்பத்தான் எனக்குக் காணலாம். அப்பா ஏனோ என்னோட கதைக்கிறார் இல்ல. போன மட்ச் நான் பிழையா விளையாடினனான் போல. ஒருத்தரும் சொல்லுறாங்கள் இல்ல. இந்த மட்ச் வெண்டா சரியாயிடும்.

கடைசி அஞ்சு நிமிசம் மட்டக்குளி சொல்லுவன். பாத்துக்கொண்டிருங்கோ.

இப்படிக்கு,
மெல்ரோய்


இயேசு மரி சூசை
14 மே 2025

அண்ணா,

கீழே உள்ளதை நீங்களே அந்த அறைக்குள் போய் வாசித்துக் காட்டுங்கள். ஜவாத்திடம் கொடுக்காதீர்கள். மறந்துவிட்டான் என்றால் திரும்பவும் வாசியுங்கள். பாற்சோற்றுக்குச் சொல்கிற கிரிபத் என்று அவன் எழுதியது தலையில் கட்டுகிற பற்றுத் துணியையோ என்னவோ, அவனுக்குச் சொல்லும் தடுமாறுகிறது, அதைத் திருத்த வேண்டாம். இனி ஒன்றையும் திருத்த வேண்டாம்.

இதில் பொய் எழுதியிருக்கிறேன். மதர் வாசித்தார். முத்திரையை ஒட்டித் தந்தார்.

அன்புள்ள மெல்ரோய்,

மாமி நல்ல சுகம். உன் கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை வருவேன், வழமையான இடத்தில் இருப்பேன், பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். விளையாடும்போது தலை இடித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, எந்தப் பக்கம் உதைப்பது என்று தெரியாமல் போனாலோ, அங்கேயே கையைத் தூக்கு. டொக்டர் கேள்வி கேட்டால் பாடமாக்கினதைச் சொல்லாதே, தெரியாது என்று சொல்லு. அப்பா கோபிக்கமாட்டார். இதை வாசிப்பதே அவர்தான், வேண்டுமென்றால் இப்போதே கேட்டுப் பார்.

மட்டக்குளி வேண்டாம். கடைசி ஐந்து நிமிடமாக இருந்தாலும் வேண்டாம். பந்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வா, வந்து என் பக்கத்தில் இரு. மிச்ச மட்சை இரண்டு பேரும் இருந்து பார்ப்போம்.

மாமி